பாடுவது ஆண்தான் என்று யார் சொன்னது?

நன்றாகப் பாடும் பெண்ணைக் குயில் என்கிறோம். மேடையேறிய பெண் பாடகர்களில் ‘இசைக்குயில்’ பட்டம் கட்டப்படாதவர்கள் குறைவு. பாரதியின் குயில் பாட்டில் வரும் குயிலும் பெண்தான். ஆனால் சித்திரை மாதத்தில் விடிவதற்கு முன்பே வேப்பமரத்தில் உட்கார்ந்துகொண்டு படிப்படியாகக் குரலை உயர்த்திக் கூவுகிறதே, அது ஆண் குயில். கருகரு உடம்பும் சிவந்த கண்ணும் கொண்டது. பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவள் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று அடுக்கடுக்காக, கூர்மையாக வரும். அந்தக் குரலைச் சொல்லி எந்தப் பாடகியையும் யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பெண்ணின் குரலைப் பாராட்ட ஆணின் குரலைக் கடன் வாங்கியிருக்கிறோம். கடன் என்பதும் நமக்குத் தெரியாது.

பறவையியல் இதற்கு நேரெதிரான தவறைச் செய்தது. பாடும் பறவையெல்லாம் ஆண் என்று முடிவுகட்டியது. நம் தவறு கவிதையோடு நின்றுவிட்டது. அதன் தவறு பாடநூலில், அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில், ஒலிப்பதிவுக் காப்பகங்களில், இப்போது ‘மறைந்திருக்கும் சிற்றினங்களை’க் கண்டுபிடிக்கும் முறையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரையின் சண்டை இந்தக் கடைசி விஷயத்தோடுதான்.

முதலில் அந்த முறையின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அது உண்மையிலேயே அழகானது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பறவைகள் உள்ளுக்குள் வெவ்வேறு சிற்றினங்களாக இருக்கலாம். கண் ஏமாறும் இடத்தில் காது உதவுகிறது. இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் ஒரே மாதிரி தெரிந்த மூன்று சின்னஞ்சிறு கதிர்க்குருவிகளை அவற்றின் பாட்டை வைத்தே மூன்று இனங்கள் என்று பிரித்தறிந்தார். அது பதினெட்டாம் நூற்றாண்டில். இன்று பாட்டோடு டி.என்.ஏ.வும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் இது தனி இனம் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

இதற்கு நம் மலைகளிலேயே மிக நல்ல உதாரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில், சோலைக்காடுகளின் இருட்டில், தரையோரமாகத் தத்தித் திரியும் ஒரு சிறு நீலப்பறவை உண்டு. நீலகிரியில் இருப்பதையும் பழனி மலையில் இருப்பதையும் நெடுங்காலம் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள் என்றே எண்ணியிருந்தார்கள். உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி, பூஜா குப்தா, வி.வி. ராபின், சி.கே. விஷ்ணுதாஸ் முதலானோர் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. மரபணு, உடல் அளவு, இறகு நிறம், பாட்டு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பறவைக்கு உலகில் வேறெங்கும் நெருங்கிய உறவே இல்லை, தனிப் பேரினம் என்று தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்தியமலைப் பக்கம் இருந்த மூன்றாவதற்கு அதுவரை பெயரே கிடையாது. பக்கத்து மலையில் இருந்தும் இத்தனை காலம் எண்ணிக்கையில் வராமல் போனது அது. அதே ஆய்வு, சிரிப்பான் என்று சொல்லப்படும் சோலைப் பறவைகளுக்கும் தனிப் பேரினம் தந்து, அதில் நான்கு இனங்கள் என்றது: பாணாசுரமலை, நீலகிரி, பழனி, அகத்தியமலை என்று மலைக்கொன்றாக.

மலையுச்சிகள் அவற்றுக்குத் தீவுகள். இடையிலிருக்கும் வெப்பமான பள்ளத்தாக்குதான் கடல். லட்சக்கணக்கான ஆண்டுகள் அந்தக் கடலைக் கடக்காமல் அவை வேறு வேறாகிவிட்டன. பாட்டும் அப்படியே. இதே நீலப்பறவையின் பாட்டை சேத்தனா புருஷோத்தமும் ராபினும் 2016இல் ஒப்பிட்டார்கள். பழங்காலக் கணவாயால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு ஒருவிதமாக மாறியிருந்தது. அண்மையில் காடழிந்து பிரிந்த கூட்டங்களின் பாட்டு வேறுவிதமாக மாறியிருந்தது. தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் சோலையை வெட்டினோமே, அதன் தடம் பறவையின் தொண்டையில் இருக்கிறது. ஆய்வாளர்கள் பரிந்துரைத்த பெயர்களும் எனக்குப் பிடித்திருந்தன. அந்த மலைகளின் பெயரையும், பக்கத்து மலையாளத்தில் மக்கள் அழைக்கும் ‘சோலக்கிளி’, ‘சிலப்பன்’ என்ற சொற்களையும் எடுத்துக்கொண்டார்கள். (கிளி என்றால் அங்கே சின்னப் பறவை எதுவும்தான், பச்சைக்கிளியைத் தேடாதீர்கள்.) லத்தீன் பெயர்களில் ஜெர்டன் துரையும் ஃபேர்பேங்க் பாதிரியாரும் இன்னமும் இருக்கிறார்கள். விதிப்படி பழைய பெயர் நிற்கும். நிற்கட்டும்.

இவ்வளவு அழகான முறையில் என்ன குறை?

‘பாட்டு’ என்று அறிவியல் சொல்லும்போது அது யாருடைய பாட்டு என்பதுதான் குறை.

டார்வின் 1871இல் பாலினத் தேர்வைப் பற்றி எழுதியபோது ஆண் பாடும், பெண் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் என்ற சித்திரத்தை வரைந்தார். அவர் காலத்து ஆண்கள் அந்தச் சித்திரத்தின் முதல் பாதியை மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். ஆண்களின் போட்டியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண் ஒரு அழகுணர்வோடு தேர்வு செய்கிறாள் என்ற இரண்டாம் பாதிதான் பலருக்குத் தொண்டையில் சிக்கியது. வாலஸ் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆக, பெண் பாடுவதில்லை என்பது முதலில் நிலைபெற்றது. அவள் தேர்ந்தெடுப்பதும் சந்தேகத்துக்குரியதாயிற்று.

அவர்கள் கேட்ட பறவைகளும் அதற்குத் துணைபோயின. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர் நாட்டுத் தோட்டங்களில் வசந்தத்தில் பாடுபவை பெரும்பாலும் ஆண்கள். அங்கே உட்கார்ந்து கேட்டதை உலகத்துக்கே விதியாக எழுதினார்கள். வெப்பநாடுகளில் பெண்கள் பாடுவதும் இணையாகச் சேர்ந்து பாடுவதும் சாதாரணம். அது தெரிந்தபோது விதியைத் திருத்தவில்லை, விதிவிலக்கு என்று ஒரு ஓரத்தில் குறித்துவைத்தார்கள். ஆய்வகத்துக்கு வந்த பறவை ஜீப்ரா ஃபிஞ்ச். அதில் பெண் பாடாது. பறவைப் பாட்டின் மூளையறிவியலில் பெரும்பகுதி அந்த ஒரு பறவையின் மேல் கட்டப்பட்டது. பெண் பாடாத பறவையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாட்டு என்றால் ஆண் மூளை என்று பாடம் எழுதுவது எவ்வளவு எளிது!

2014இல் கரன் ஓடம், மிஷெல் ஹால், கேத்தரினா ரீபெல், கெவின் ஓம்லண்ட், நவோமி லாங்மோர் ஆகியோர் உலகெங்கிலுமுள்ள பாடும் பறவைகளைப் பற்றிய பதிவுகளைத் துருவினார்கள். போதுமான தகவல் கிடைத்த இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது. அதோடு நிற்கவில்லை. பரிணாமக் கிளைகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டதில், பாடும் பறவைகளின் பொது மூதாதையிலேயே பெண் பாடியிருக்கிறாள் என்ற முடிவு வந்தது. அப்படியானால் விளக்கம் தேவைப்படுவது பெண் எப்படிப் பாட ஆரம்பித்தாள் என்பதற்கல்ல. சில இடங்களில் ஏன் நிறுத்தினாள் என்பதற்கு. நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேள்வியையே தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

இதில் ஒரு கணக்கும் உண்டு. பறவைப் பாட்டைப் பற்றிப் பொதுவாக எழுதப்பட்ட ஆய்வுகளில் முதல் ஆசிரியராகப் பெண் இருப்பது 44 சதவீதம். பெண் பறவையின் பாட்டைப் பற்றிய ஆய்வுகளிலோ 68 சதவீதம். இருபது ஆண்டு வெளியீடுகளை எண்ணி 2020இல் வந்த முடிவு இது. ஆண்களுக்குக் காது கேட்காது என்று நான் சொல்லவரவில்லை. ஓம்லண்ட் கேட்டிருக்கிறார். ஆனால் யார் காட்டுக்குள் போகிறார்கள் என்பதற்கும் எது தரவாகத் திரும்பி வருகிறது என்பதற்கும் தொடர்பே இல்லை என்று இனிமேல் யாரும் நம்மிடம் வகுப்பெடுக்க வேண்டாம்.

இனி, மறைந்த சிற்றினங்களுக்கு வருவோம். ஒரு பொதுவான சோதனை இருக்கிறது. இந்த மலையின் பறவைக்கு அந்த மலையின் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டுவார்கள். எதிரி வந்துவிட்டான் என்று சீறிக்கொண்டு வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தன்னினமாக அறிகின்றன. கண்டுகொள்ளாமல் இருந்தால் வேறாகிவிட்டன. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் பெஞ்சமின் ஃப்ரீமனும் கிரஹாம் மான்ட்கோமரியும் 72 இணைக் கூட்டங்களிடம் இப்படிச் செய்து பார்த்து 2017இல் எழுதினார்கள். 21 இணைகள் மற்றதன் பாட்டைப் புறக்கணித்தன. புத்தகத்தில் ஒரே இனமாக இருந்தவை பறவைகளின் கணக்கில் வேறு இனம். மனிதர்களின் அளவுகோலை விட்டுவிட்டுப் பறவையிடமே கேட்டது நல்ல காரியம். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள்? எல்லையைக் காக்கும் பறவை சண்டைக்கு வருமா என்று கேட்டார்கள்.

சிற்றினம் என்றால் என்ன என்பதற்கு எர்ன்ஸ்ட் மேயர் தந்து நாமெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்த விளக்கம், தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யும் கூட்டம் என்பது. இனப்பெருக்கம் நடக்குமா நடக்காதா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்பவள், டார்வின் சொன்னபடியே பார்த்தாலும், பெண். அவள் அந்நியப் பாட்டை ஏற்பாளா என்பதுதான் இன எல்லை. அளப்பதோ வேலிச்சண்டையை. சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண்ணைக் கேட்காமல், பங்காளிகள் வெட்டிக்கொள்வார்களா என்று விசாரிப்பது மாதிரி. சண்டையை அளப்பது எளிது, பெண்ணின் தேர்வை அளப்பது கடினம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கடினமானதை விட்டுவிட்டு எளிதானதை அளந்தோம் என்று ஆய்வின் தலைப்பிலேயே எழுதட்டும்.

பெண்ணின் பாட்டைக் கணக்கில் எடுத்தால் இனங்களின் எண்ணிக்கை மாறலாம். ஆணின் பாட்டு இரண்டு மலைகளிலும் ஒன்றுபோல் இருந்து பெண்ணின் பாட்டு வேறாகியிருக்கலாம். அல்லது இதற்கு மறுதலை. பாட்டைக் கற்றுத்தருவது தகப்பன் மட்டுமல்ல என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஃபேரி-ரென் பறவையில் தாய் அடைகாக்கும்போதே முட்டையைப் பார்த்து ஒரு தனி ஒலியை ஓயாமல் எழுப்புகிறாள். ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சு அதைக் கற்றுக்கொண்டு வெளியே வந்ததும் அந்த ஒலியைச் சொல்லித்தான் தீனி கேட்கிறது. கூட்டில் முட்டையிட்டுப்போன வேறு குயிலினத்தின் குஞ்சுக்கு அது தெரியாது. டியான் கொலொம்பெல்லி-நெக்ரெல், சோனியா கிளைண்டார்ஃபர் ஆகியோரின் குழு 2012இல் கண்டுபிடித்தது. அந்தக் கூட்டில் யார் தன் இனம், யார் அந்நியம் என்பதற்கான கடவுச்சொல் தாயின் வாயிலிருந்து வருகிறது.

மரபணுப் பக்கம் நிலைமை இன்னும் விநோதம். சிற்றினங்களைப் பிரிக்க அதிகம் பயன்பட்டது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். அதாவது ஒரு கையில் தாய்வழி ஏடு, மறு கையில் தகப்பனின் பாட்டு. இரண்டையும் வைத்துக்கொண்டு இனத்தின் எல்லையைக் கோடு போட்டார்கள். தாய் எலும்பிலும் இரத்தத்திலும் சாட்சி சொல்லலாம். வாயைத் திறந்து சொன்னால் பதிவாகாது.

இன்னொன்றும் உண்டு. மனிதரில் இரண்டு வேறுபட்ட பால் குரோமோசோம்கள் இருப்பது ஆணிடம். பறவைகளில் அது பெண்ணிடம். 1922இல் ஹால்டேன் ஒரு விதியைச் சொன்னார்: இரண்டு இனங்கள் கலந்து பிறக்கும் பிள்ளைகளில் ஒரு பால் மட்டும் பிறக்காமலோ மலடாகவோ போனால், அது வேறுபட்ட குரோமோசோம்களை உடைய பாலாகத்தான் இருக்கும். பறவைகளில் அது மகள். இரண்டு கூட்டங்கள் வேறு இனங்களாகப் பிரியத் தொடங்கும்போது அதன் விலையை முதலில் கொடுப்பவை மகள்களின் உடல்கள். மகன்கள் பாடிக்கொண்டே இருப்பார்கள். பாட்டை மட்டும் கேட்டு, கலப்பில் ஒன்றும் கெடவில்லை என்று எழுதிவிட முடியும்.

இங்கே என் தோழிகளில் சிலருக்கு உற்சாகம் பொங்கும் என்பது தெரியும். தாய்வழி, ஆதித்தாய், பெண்ணே மூலம் என்று ஒரு கொடி ஏற்றத் தோன்றும். வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா ஒரே ஒரு வழியின் கதை. இனக்கலப்பு நடந்த இடங்களில் அது பொய்யும் சொல்லும். ஒரு இனத்தின் தாய்வழி ஏடு இன்னொரு இனத்துக்குள் புகுந்து நிலைத்துவிட்ட உதாரணங்கள் இருக்கின்றன. அதனால்தான் நல்ல ஆய்வுகள், நம் சோலைப் பறவைகளின் ஆய்வு உட்பட, உட்கரு மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கின்றன. தகப்பனை இறக்கிவிட்டுத் தாயைச் சிம்மாசனத்தில் ஏற்றுவது என் கோரிக்கை இல்லை. பாதிச் சாட்சிகளைக் கூப்பிடாமல் தீர்ப்பெழுதாதீர்கள் என்பதுதான்.

சாட்சிகள் இல்லாமல் போனது பாட்டில் மட்டுமல்ல. உலகின் ஐந்து பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கும் சுமார் 25 லட்சம் பறவை, பாலூட்டி மாதிரிகளை நடாலி கூப்பரும் மற்றவர்களும் 2019இல் எண்ணினார்கள். பறவைகளில் 40 சதவீதம்தான் பெண். ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது இதுதான் அந்த இனம் என்று காட்டுவதற்காக வைக்கப்படும் மூல மாதிரிகளில் பெண்கள் 27 சதவீதம் மட்டுமே. பளிச்சென்ற நிறமும் பெரிய உடலும் உள்ளதைச் சுட்டார்கள். பாடி இடத்தைக் காட்டிக்கொடுத்ததைச் சுட்டார்கள். பெண் பறவை தப்பித்தாள் என்று சிரிக்கலாம். ஆனால் இனம் என்றால் ஆண், பெண் என்றால் அதன் மங்கலான பிரதி என்ற வரையறை அந்த இழுப்பறைகளில் பூட்டிக் கிடக்கிறது.

‘பறவையிலுமா பெண்ணியம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பறவை நோக்கல் நடையில் என்னிடம் நேராகவே கேட்டார் ஒருவர். புதரில் ஏதோ பாடியது. இலை மறைவில் வால்கூடத் தெரியவில்லை. அவர் குறிப்பேட்டில் ‘ஆண், 1’ என்று எழுதினார். எப்படித் தெரியும் என்றேன். பாடுகிறதே என்றார். பெண் பாடும் என்று சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. பறவைக்குள் பாலின அரசியலை நான் கொண்டுவரவில்லை; அது அவருடைய குறிப்பேட்டில் முன்பே இருந்தது. இப்படிப்பட்ட வட்டவாதம்தான் காப்பகங்களை நிரப்பியிருக்கிறது: பாடுவதால் ஆண், ஆண் என்று பதிந்ததால் ஆண்தான் பாடும். ஆணும் பெண்ணும் ஒரே நிறத்திலிருக்கும் இனங்களில் இந்த வட்டத்தை உடைக்க வழியே இல்லை. பறவையைப் பிடித்து, காலில் வளையமிட்டு, ஒரு சொட்டு இரத்தத்தில் பால் எதுவென்று பார்த்தால்தான் உண்டு. அந்த மரபணுச் சோதனை இப்போது சாதாரணம். இனத்தைக் கண்டுபிடிக்க டி.என்.ஏ. எடுக்கிற அதே இரத்தத்தில் பாலையும் பார்த்து, அந்தப் பறவையின் பாட்டோடு சேர்த்து எழுதுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம்.

இது வெறும் நியாயத்துக்கான வாதம் மட்டுமல்ல. ஒரு இனத்தை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மலையுச்சிதான் மிஞ்சும். பாணாசுரமலைச் சிலப்பன் வயநாட்டுப் பக்கத்துச் சில உச்சிகளோடு முடிந்துவிடுகிறது. அழியும் அபாயத்தில் உள்ளது என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. பறவைகளைக் கணக்கெடுப்பதில் பரவலான வழக்கம் பாடும் ஆண்களை எண்ணி ஆளுக்கொரு இணை என்று பெருக்குவது. அழியும் நிலையிலுள்ள பறவை இனங்களில் ஆண்களின் விகிதம் மிகுந்துபோகிறது என்று பால் டொனால்ட் 2007இலேயே காட்டினார். அடைகாக்கும் பெண் கூட்டிலேயே வேட்டையாடப்படுவது ஒரு முக்கியக் காரணம். நூறு குரல் கேட்டது என்று ஒரு அறிக்கை சொல்லும். அதில் எத்தனை பேர் துணையில்லாமல் வெறுங்காட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லாது. கேட்பதற்கு இனிமையாக இருக்கும்போதே ஒரு இனம் முடிந்துபோகக் கூடும்.

கல்லூரியில் விலங்கியல் படிப்பவர்கள், படிக்காமலும் காலை நடையில் கைப்பேசியில் பாட்டைப் பதிகிறவர்கள் இதைப் படிப்பீர்கள். சீனோ-கான்டோ போன்ற பொதுக் காப்பகங்களில் யாரும் ஒலிப்பதிவைச் சேர்க்கலாம். பால் எது என்று குறிக்க இடமும் இருக்கிறது. பாடிய பறவையைக் கண்ணால் பார்த்து, இது பெண் என்று உறுதியானால் அதை எழுதுங்கள். இரண்டும் மாறி மாறிப் பாடினால் அதையும் எழுதுங்கள். அடைகாத்துக்கொண்டே பாடினாளா, கூட்டுக்குத் திரும்பும்போதா, பக்கத்து எல்லைப் பெண்ணை விரட்டும்போதா என்று எழுதுங்கள். பறவை கண்ணில் படவே இல்லையென்றால் அந்த இடத்தில் ‘ஆண்’ என்று நிரப்பாதீர்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, நாளைக்கு மறுபடியும் அதே புதருக்குப் போங்கள்.